ரம்பம் கேட்ட கூலி

கரிசல் காட்டுக்காரனுக்குக் கூலி கொடுக்கக் கை வராது என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆகவே எல்லாரையும் சொல்லவில்லை. தெருவுக்கு ஒருவராக இருக்கும் அந்தத் 'தானே ஆசாரி'யை மட்டும் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் அவர் என் தாய்மாமா. பிறந்தது திருச்சுழி, பிழைத்தது அருப்புக்கோட்டை நூற்பு மில்லில் ஃபிட்டராக. ஓய்வு பெற்ற வாரத்தில் வீட்டிலிருந்த திருகாணிகளையெல்லாம் ஒரு தடவை கழற்றி மாட்டினார். சிலது மிஞ்சியது.

1879-ல் அதே திருச்சுழியில் பிறந்த ரமணர் 'நான் யார்?' என்ற கேள்வியோடு உட்கார்ந்துவிட்டார். மாமாவுக்கும் ஒரே கேள்விதான்: 'ஆசாரி எதற்கு?'

புறவாசலில் தகரக் கூரைக்குக் கீழே வாஷிங் மெஷின் நிற்கிறது. மூடி மேல்பக்கம் திறக்கிற ரகம். போர் தண்ணீர் உப்பு. சோப்பு லேசில் நுரைக்காது. ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி தூள் போகும். அதனால் பொட்டலமும் இரண்டு மடங்கு வாங்கி வைக்க வேண்டும். அதோடு நீலக் குப்பி, கைத்தறிச் சேலைக்குக் கஞ்சிமாவு டப்பா, கிளிப் கூடை. எல்லாம் ஈரத்தரையில் கிடந்தன. அத்தை ஓர் அலமாரி கேட்டார். சரியாகச் சொன்னால், ஆசாரியைக் கூப்பிடச் சொன்னார். மாமாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

முதலில் கண்மாய்க்கரைச் சீமைக்கருவேலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லியும் அசராமல் நிற்கிற மரம், காசு கேட்காது. ஆனால் நேராக நாலடிப் பலகை கொடுத்துவிட்டால் அது சீமைக்கருவேலம் இல்லையே. கரிமூட்டத்துக்கு ஆகும், கதவுக்கு ஆகாது. மனசில்லாமல் பிளைவுட் கடைக்குப் போனார். ஈரத்துக்கு 710 நம்பர் மெரைன் பலகைதான் தாங்கும் என்றார்கள். கப்பலுக்குப் போடுகிற சாதி. மழை பெய்தால் மட்டும் குண்டாற்றில் தண்ணீரைப் பார்க்கிற ஊருக்கு, எட்டுக்கு நாலு கப்பல் பலகை ஒன்று ஆட்டோவில் வந்து இறங்கியது.

மாமாவிடம் ஒரு நோட்டு உண்டு. பலகை, ஃபெவிக்கால், மைக்கா, கீல் என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'கூலி' என்று போட்டு அதற்கு நேரே பெரிய பூஜ்யம். வேலை தொடங்கும் முன்பே அந்தப் பூஜ்யத்தை என்னிடம் காட்டினார்.

நாற்பத்தெட்டு அங்குல அகலத்தை மூன்றாகப் பிரித்தால் பதினாறு, பதினாறு, பதினாறு. பென்சிலால் கோடு கிழித்து, மில்லில் படித்த துல்லியத்தோடு மெஷின் ரம்பத்தில் அறுத்தார். முதல் இரண்டும் சரி. மூன்றாவது கால் அங்குலம் குறைந்தது. திருப்பிப் போட்டு அளந்தார். டேப்பை மாற்றி அளந்தார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியபோதுதான், காப்பி குடிக்க வந்ததுபோல் எதிர்வீட்டு ஆசாரி உள்ளே வந்தார். வேலை நடக்கும் வீட்டுக்கு மோப்பம் பிடித்து வந்து, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது அவருடைய பொழுதுபோக்கு.

"கால் அங்குலத்தை ரம்பம் தின்னுருச்சுங்கய்யா. ஒரு வெட்டுக்கு மூணு மில்லி, ரெண்டு வெட்டுக்கு ஆறு. அதுக்கும் கூலி உண்டுல்ல?"

மாமா பதில் சொல்லவில்லை. இடைவெளியில் ஃபெவிக்காலையும் மரத்தூளையும் குழைத்து அப்பினார்.

அலமாரி நன்றாகவே வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. மெஷினுக்கு மேலே சரியாக ஓரடி விட்டுச் சுவரில் முடுக்கி, சூடம் கொளுத்தி, "ம், துணியைப் போடு" என்றார். அத்தை மூடியைத் தூக்கினார். பாதி தூக்கியதும் அலமாரியின் அடிப்பலகையில் 'டொக்'கென்று இடித்து நின்றது.

ஆசாரி காப்பி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"பாதி திறந்தாப் போதாதா?" என்றார் மாமா. பத்து நாள் அந்தச் சந்து வழியாக, தபால் பெட்டியில் கடிதம் போடுவதுபோல அத்தை துணி போட்டார். எட்டு முழ வேட்டியைக்கூட நுழைத்துவிட்டார். போர்வை நுழையவில்லை.

பதினோராம் நாள் மாமா ஒரு கல்யாணத்துக்கு மதுரை போனார். சாயங்காலம் திரும்பியபோது அலமாரி ஓரடி உயர்ந்திருந்தது. "நீங்க அடிச்ச ஆணிதான், லேசா மேல ஏத்தினோம்" என்றார் அத்தை. மாமா நோட்டைத் திறந்து பூஜ்யம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அத்தையின் கடுகு டப்பாவில் அறுநூறு ரூபாய் குறைந்திருந்தது அந்தக் கணக்கில் வராது.

இப்போது மேல்தட்டு அத்தைக்கு எட்டுவதில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறித்தான் நீலக் குப்பியை எடுக்கிறார். போன வாரம் நான் பார்த்துவிட்டேன்.

"மருமகனே," என்று குரலைத் தாழ்த்தினார். "ஸ்டூலு வேணும்னு மட்டும் உங்க மாமா காதுல போட்டுறாதீக. முக்காப் பலகை இன்னும் மிச்சம் கெடக்கு."