கனவா, பள்ளத்தூரா?

லூசிட் கனவு பழகுவதற்கு உலகத்திலேயே தோதில்லாத இடம் செட்டிநாட்டு வீடு. அதிலும் பள்ளத்தூரில், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீட்டில் நானும் ஆத்தாவும் மட்டும் குடியிருக்கிறோம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கனவு கண்டுகொண்டிருக்கும்போதே ‘அட, இது கனவு’ என்று தெரிந்துகொள்வதும், முடிந்தால் அதை நம் இஷ்டத்துக்கு ஓட்டுவதும்தான் லூசிட் கனவு. டச்சு எழுத்தாளரும் மனநல மருத்துவருமான ஃபிரெடரிக் வான் ஈடன் 1913இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. பாதிப் பேருக்கு மேல் ஆயுளில் ஒரு தடவையாவது இது தானாகவே வந்துவிடுகிறதாம். எனக்கும் வந்தது. வந்த ருசியில், பென்ஷன் மாதிரி மாதாமாதம் தவறாமல் வரவைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

முதல் பாடம், பகலில் அடிக்கடி ‘இது கனவா, நிஜமா?’ என்று சோதித்துப் பார்ப்பது. பகலில் ஊறிப்போன பழக்கம் ராத்திரி கனவிலும் தலைகாட்டும், அப்போது குட்டு உடைந்துவிடும். கடிகாரத்தைப் பார், கண்ணை எடு, மறுபடி பார். மணி தாறுமாறாக மாறியிருந்தால் அது கனவு. எங்கள் வீட்டில் அய்யா காலத்தில் கப்பலில் வந்திறங்கிய கடிகாரங்கள் மூன்று இருக்கின்றன. முகப்பில் பத்தேகால், பட்டாலையில் மூன்று, இரண்டாங்கட்டில் எப்போது பார்த்தாலும் ஆறு. காபி குடிக்க அடுப்படிக்கு நடப்பதற்குள் எனக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது.

சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது இன்னொரு சோதனை. கனவில் விளக்கு எரியாது என்பார்கள். எங்கள் வீட்டில் எரிந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். போகப் போக முடிவில்லாத அறைகள், பூட்டிய கதவுகள் எல்லாம் கனவின் அடையாளமாம். வாசலில் நின்றால் நிலைக்குப் பின் நிலையாகப் பின்தெரு வரைக்கும் தெரிகிற வீடு இது. வளவின் இரண்டு பக்கமும் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, ஓர் அறைக்கு ஒரு பூட்டு. சாவிகளில் ஒன்று சென்னையில், ஒன்று சிங்கப்பூரில், ஒன்று யாரிடம் என்பது வழக்கில். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தந்தப் புள்ளிக்கே மறந்துபோயிருக்கும். முட்டை வெள்ளைக்கருப் பூச்சில் சுவர் இன்னமும் கண்ணாடியாக மின்னுகிறது. அதில் தெரிகிற ஆள் நான்தானா என்பதே சில நாள் ஐயமாக இருக்கும். இதற்கு நடுவே ஒருவன் எதைப் பார்த்து நிஜம் என்று முடிவு செய்வது?

மிஞ்சியது மூக்குதான். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பார்க்க வேண்டும். கனவென்றால் தாராளமாகப் போகும். கடிகாரம், சுவிட்ச் எதுவும் வேண்டாத நல்ல சோதனை. ஆனால் பந்தியில் செய்யக்கூடாது. கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாணம். இலையில் கந்தரப்பம் விழுந்த நேரம் பார்த்து எனக்குப் பயிற்சி ஞாபகம் வந்தது. மூக்கைப் பிடித்தேன். சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்து, “அண்ணே, எண்ணெய் இன்னைக்குக் காலையிலதான் ஊத்துனது, சத்தியமாண்ணே” என்றார். எதிர்ப்பந்தியில் நாலு பேர் கந்தரப்பத்தை ஒதுக்கிவைத்ததையும் பார்த்தேன்.

அடுத்த பாடம் கனவுக் குறிப்பேடு. எழுந்ததும் ஒன்று விடாமல் எழுதிவந்தால் கனவு ஞாபகத்தில் தங்கும், நம் கனவில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பிடிபடும். வீட்டில் கிடந்த பழைய பேரேட்டில் எழுதினேன். ஆத்தா எடுத்துப் புரட்டினார்கள். “எல்லாம் வரவாவே இருக்கேடா, பத்து எங்க?” என்றார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பலன் சொல்லத் தொடங்கினார்கள். பல் விழுந்தது ஆகாது. பாம்பு துரத்தலாம், கடிக்கலாம், அதற்கு வேறு வேறு பலன். செத்தவர்கள் வந்தால் நல்லது, கூப்பிட்டால் மட்டும் பின்னாலேயே போகக்கூடாது. கடைசியில் கேட்டார்கள்: “சொப்பனம் நமக்குச் சேதி சொல்ல வருது. அதுல போயி நீ என்னத்தடா நிர்வாகம் பண்ணப் போற?”

ஆத்தா கட்சிக்கு இலக்கியத்தில் ஆதரவு அதிகம். கோவலன் கெட்ட கனவு கண்டு மாடலனிடம் சொன்னான், கண்ணகி தேவந்தியிடம் சொன்னாள். சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடி வழிபட்டால் சரியாகிவிடும் என்று தேவந்தி யோசனை சொன்னாள். கண்ணகி மாட்டேன் என்றுவிட்டாள். விழித்திருக்கும்போதே மாற்றச் சம்மதிக்காதவளா கனவுக்குள் புகுந்து மாற்றுவாள்? வள்ளுவர் கனவுநிலை உரைத்தல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதில் வருகிறவளுக்கு விழிப்பின் மேல்தான் கோபம். கனவைக் குறை சொல்லவே மாட்டாள். ஆண்டாள் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வாரணமாயிரத்தில் கல்யாணம் ஒரு சடங்கு பிசகாமல், அவர் விரும்பிய மாப்பிள்ளையோடு, வரிசையாக நடக்கிறது. எந்தக் கனவு அப்படி ஒழுங்காக நடந்திருக்கிறது? நாச்சியாருக்கு இந்த வித்தை தெரிந்திருக்க வேண்டும். வைணவர்கள் மன்னிக்க.

என் கட்சிக்கு ஆய்வுக்கூடம் துணை. கனவு வரும் உறக்கத்தில் உடம்புத் தசைகள் தளர்ந்து கிடக்கும், கண் மட்டும் மூடிய இமைக்குள் ஓடும். இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தின் கீத் ஹெர்ன் இதைப் பயன்படுத்திக்கொண்டார். ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம், கனவுக்குள் விழிப்பு வந்ததும் கண்ணை இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லிவைத்தார். 1975இல் அந்தச் சைகை கருவியில் பதிவானது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் தனியாக இதையே நிரூபித்தார். 2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கனவில் இருந்த ஒருவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டார்கள். அவர் தூங்கிக்கொண்டே கண்ணால் ‘இரண்டு’ என்றார்.

இதை ஆத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். “எங்க அப்பச்சி தூக்கத்துலயே வட்டிக் கணக்குச் சொல்லுவாக” என்று முறுக்குப் பிழியப் போய்விட்டார்கள். 1900இல் பர்மாவின் மோல்மேனில் கொடுக்கல் வாங்கல் தொடங்கி இன்று முருகப்பா குழுமமாக வளர்ந்த குடும்பத்தின் சொந்த ஊர் இது. இந்த ஊர்ப் பெண்பிள்ளைக்கு எட்டில் ஆறு கழித்தது ஓர் ஆராய்ச்சியாகவே படவில்லை.

லாபெர்ஜ் சொன்ன முறைதான் ஓரளவு பலன் தந்தது. ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து, கடைசியாகக் கண்ட கனவை நினைத்தபடி ‘அடுத்த கனவில் இது கனவென்று ஞாபகம் வரவேண்டும்’ என்று மனத்தில் பதித்துக்கொண்டே மறுபடி தூங்குவது. விடியலை நெருங்க நெருங்கக் கனவுறக்கம் நீளும் என்பதால் இந்த ஏற்பாடு. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பவர்களும் இந்த நேரத்தைத்தான் சொல்கிறார்கள். இடையில் எழுந்து படுத்ததில் ஒரு நாள் அமுக்குவான் வந்து நெஞ்சில் உட்கார்ந்தான். மூளை விழித்து உடம்பு விழிக்காத நிலை அது என்று எனக்குத் தெரியும். ஆத்தாவுக்கும் தெரியும், திருநீறு பூசித் தலையணைக்கடியில் பாக்குவெட்டியை வைத்தார்கள்.

அதற்குச் சில நாள் கழித்து வந்தது அந்தக் கனவு. வளவில் ஜமக்காளம் விரித்து எல்லாப் பங்காளிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடு மாற்றும் செலவைப் பேசுகிறோம். சிங்கப்பூர்க்காரர் முதலில் சரி என்றார். சென்னைச் சித்தப்பா சரி என்றார். வழக்குப் போட்ட அண்ணனும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மூக்கைத் தொடவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது கனவு. கனவு கலைகிற மாதிரி இருந்தால் கையைப் பரபரவென்று தேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தேய்த்தேன். பணம் கேட்கிறான் என்று நினைத்தோ என்னவோ, அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

இதைப் படிக்கிற பங்காளிகள் கவனத்துக்கு: பட்டாலை மேல் ஓடு மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்கு முன் அவரவர் பங்கை அனுப்பிவிடுங்கள்.