‘ஒரு கை குடுங்க’: விழுப்புரம்–திண்டிவனம் வட்டார உதவிமுறை பற்றிய ஓர் ஆய்வு

ஆங்கிலேயர் உதவி வேண்டுமென்றால் அடுத்தவர் கையைக் கடனாகக் கேட்பார்கள். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். எந்த நிலையில் தருவது என்பதை மட்டும் அவர்கள் பேசி முடிப்பதில்லை. இதன் விபரீதத்தை 1594-இல் அச்சேறிய ‘டைட்டஸ் ஆண்ட்ரானிகஸ்’ நாடகத்திலேயே ஷேக்ஸ்பியர் காட்டிவிட்டார். ரோமானியத் தளபதி டைட்டஸ், மகன்களின் உயிரை மீட்க, வில்லன் ஆரோனிடம் கையைக் கடனாகக் கேட்டு, பதிலுக்குத் தன் கையைத் தருவதாகச் சொல்கிறான். ஆரோன் அதை வெட்டியே எடுத்துப் போகிறான். பிறகு கை திரும்பி வரத்தான் செய்கிறது. கூடவே மகன்கள் இருவரின் தலைகளும். வசூல் முறைகளில் இது சற்றுக் கடுமையானது.

விழுப்புரம் பக்கம் இந்தச் சிக்கல் இல்லை. கடனுக்குக் கைமாத்து என்று தனித்துறையே உண்டு. அதன் துயரங்களுக்கு வேறு கட்டுரை வேண்டும். உதவி என்று வரும்போது இங்கே கையைக் கொடுத்தே விடுகிறார்கள். கேட்பது எப்போதும் ஒரு கை. ஏன் ஒன்று என்பதே நம் ஆய்வு.

சான்றாக மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையை எடுத்துக்கொள்வோம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தன் ரகங்களுக்கு டி.எம்.வி. என்று ஊர்ப்பெயரையே சூட்டிப் புகழ்பெற்றது. ஆனால் வேளாண் அறிவியல் மூட்டையின் வாயைத் தைப்பதோடு நின்றுவிடுகிறது. தலைக்கு ஏற்றுவது நம் துறை. சுமப்பவர் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டு, போகிறவரைப் பார்த்து, “ணா, ஒரு கை குடுங்க” என்கிறார். வந்தவர் இரண்டு கைகளையும் கொடுக்கிறார். மூட்டை இடுப்புக்கு வந்ததும் முட்டியையும் கொடுக்கிறார். நெஞ்சு உயரத்தில் இருவரும் மூச்சைப் பிடிக்கும் அந்த ஒரு நொடியில், சுமப்பவர் சட்டென்று அடியில் புகுந்து தலையைக் கொடுக்க வேண்டும். பிசகினால் இருவருக்கும் கழுத்து வலி. இத்தனைக்கும் கேட்டது ஒரு கை. “ரெண்டு கை, ஒரு முட்டி, நாளைக்கு இடுப்பு” என்று உள்ளபடி கேட்டால் எவன் நிற்பான்? ஆகவே ‘ஒரு கை’ என்பது அளவன்று, விலைக்குறைப்பு என்பது எம் துணிபு.

ஆளில்லாத சாலையில் என்ன செய்வது? அதற்குச் சுமைதாங்கி இருந்தது. நிற்கும் கல் இரண்டு, மேலே படுக்கைக்கல் ஒன்று. பெரும்பாலும் கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நட்டவை அவை. தலையுயரத்தில் இருந்ததால் யாரையும் கேட்காமல் இறக்கவும் முடிந்தது, ஏற்றவும் முடிந்தது. கேட்கப்படாத கையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சாதனை எமக்குத் தெரிந்து இல்லை.

மறைக்கப்பட்ட கையும் உண்டு. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எடுத்ததாக அங்கே கல்வெட்டு பெருமைப்படுகிறது. என்னென்ன இல்லை என்று இவ்வளவு கவனமாகக் கணக்கெழுதிய மன்னர், யார் யார் கை கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே ‘ஒரு கை’ கணக்கில் சேராத பொருளாகிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

பேருந்துக்குள் கை சங்கிலியாகிறது. திண்டிவனத்தில் ஏறியவர் பின்படிக்கட்டில் நின்றபடி நோட்டை நீட்டி, “ஒரு முண்டியம்பாக்கம்” என்கிறார். நோட்டு முகம் தெரியாத பல கைகள் வழியே நடத்துநரிடம் போகிறது. சீட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்புகின்றன. ஊர்ப்பெயர் மட்டும் சில நேரம் நடுவில் விக்கிரவாண்டி ஆகிவிடும். காசு பெரும்பாலும் சிதைவதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அங்கே காசு போவதில்லை என்றாலும் கட்டணமில்லாச் சீட்டு கைமாறி வந்துகொண்டுதான் இருக்கிறது. கொடுத்த காசுக்காக அல்ல, பழக்கத்துக்காகவே கைகள் நீள்கின்றன என்று இதைக் கொண்டு வாதிடலாம்; வாதிடுகிறோம்.

கடைசியாக, எந்த வகைப்பாட்டிலும் அடங்காத ஒருவர் இருக்கிறார். மூட்டை தூக்கும் இடத்தில் டீக்கிளாசுடன் நின்று, “இந்தாண்ட சாய்ச்சுப் புடி, அந்தாண்ட உடாத” என்று வாய் கொடுப்பவர். கை கொடுத்தவர் நன்றியை எதிர்பாராமல் போய்விடுகிறார். மூட்டை ஏறியதும், கையைத் தட்டிக்கொண்டு “அப்பாடா” என்பவர் இவர்தான்.