கூடுவிட்டுக் கூடு பாயும் நிரல்கள்: ஒரு கொங்கு நாட்டு விசாரணை

சித்தர்களோடு அழிந்தொழிந்ததாகக் கருதப்படும் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை, சரவணம்பட்டியிலும் பீளமேட்டு டைடல் பார்க்கிலும் மாதச் சம்பளத்துக்கு நித்தியமும் நடந்துவருவதைப் பண்டித உலகம் இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆப்ஜெக்ட் மதத்து ஜாவாவில் பிறந்த நிரலை ஃபங்ஷனல் மதத்துக்கும், அங்கே பிறந்ததை இங்கேயும் பெயர்ப்பதே அவ்வித்தை.

மதபேதம் பழையது. 1930களில் அலான்சோ சர்ச் வகுத்த லாம்ப்டா கணிதமும், 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப்பும் ஃபங்ஷனல் பரம்பரை. 1967இல் நார்வேயில் உருவான சிமுலா 67 ஆப்ஜெக்ட் பரம்பரையின் மூலபுருஷர். கோவையின் பழைய மில் பஞ்சு, கதிர், தறி, கணக்கு யாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்து ஆண்டதே, அது ஆப்ஜெக்ட் மதம். திருப்பூரில் துணியானது நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று பட்டறை பட்டறையாக ஜாப் ஒர்க்குக்குப் போய்வர, ஒருவர் பேரேட்டை மற்றவர் தொடாதிருக்கிறாரே, அது ஃபங்ஷனல் மதம். ஆனால் அம்மதத்து மொழியான ஹாஸ்கலின் சாஸ்திரப்படி, கொடுத்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்க, சாயத்துணி வேறாகப் பிறக்கவேண்டும். முதலாளிகள் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

வாரக் கூலியைக் கூட்டும் நிரலை எடுத்துக்கொள்வோம். 'மொத்தம்' என்றொரு மாறியைப் பூஜ்யத்தில் நிறுத்தி, ஃபார் லூப்பால் ஒவ்வொரு கூலியாக அதில் சேர்த்துவருவது ஜாவாக்காரரின் பூர்வாசாரம். 2014இல் ஜாவா 8 லாம்ப்டாவை அனுமதித்தபோது, அவர் லூப்பைத் துறந்தாரேயன்றி 'மொத்த'த்தைத் துறக்கவில்லை. லாம்ப்டாவுக்குள் நின்று வெளி மாறியை மாற்றக் கம்பைலர் இடம்தராமையால், ஒரேயொரு எண் கொள்ளும் அர்ரேயைச் சிருஷ்டித்து, அதற்குள் மொத்தத்தை ஒளித்துவைத்தார். அர்ரே மாறவில்லை, உள்ளிருப்பதுதான் மாறுகிறது என்ற இந்தத் தர்க்கத்துக்குமுன் கம்பைலர் மௌனம் சாதிக்கிறது. இதன்பொருட்டு எழும் சம்வாதம் பெரும்பாலும் இவ்வாறிருக்கும்:

"ஏந்தம்பி, இதெதுக்கு ஒத்தை அர்ரே?"

"வேற எப்படீங்ணா? கம்பைலர் உடமாட்டேங்குதுங்ணா."

எதிர்த்திசைப் பயணிக்கு வேறு விபத்து. லூப்பே இல்லாத ஹாஸ்கலில், தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனால் நெடும்பட்டியலையும் நடந்து கடந்தவர், அதையே எழுத்துப் பிசகாமல் ஜாவாவில் எழுதினால், ஒவ்வோர் அழைப்பும் ஸ்டாக்கில் இடம்பிடித்து, கடைசி அழைப்பாயினும் விடுவிக்கப்படாமல், லட்சம் பேரின் கூலி முடியுமுன்னரே ஸ்டாக் நிரம்பி நிரல் மாண்டுபோக நேரும். சிறிய பட்டியலில் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆக, மொழி மாறியும் முன்ஜன்ம வாசனை மாறவில்லை என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபு. அடுத்தவர் நிரலைச் சரிபார்க்கும் அன்பர்கள் ஒத்தை அர்ரேயைக் கண்டவிடத்தே தயைதாட்சண்யமின்றித் திருப்பியனுப்புவார்களாக. எண்களைக் கூட்டித்தரும் 'சம்' என்பதை ஜாவா 8 லாம்ப்டாவோடு சேர்த்தே கொடுத்திருக்கிறது.