பூசை முடிந்த பின்: ஜெஞ்சாரோம் பூனைமணல் குறித்த ஓர் ஆய்வு

கம்பர் தம் காப்பியத்துக்கு அவையடக்கம் பாடியபோது, பாற்கடல் முழுவதையும் நக்கித் தீர்க்கப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். பூனைக்கு அவர் ஆண்ட சொல் ‘பூசை’. அவ்வளவு பாலைக் குடிக்கப் போன பூசை பிறகு எங்கே ஒதுங்கியது என்பதற்கு நான் புரட்டிய உரைகளில் விடை இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், மலேசியாவில் சிலாங்கூர் மாநிலம் கோலா லங்காட் மாவட்டம் ஜெஞ்சாரோமில் ஒரு தாமான் வீட்டின் பின்கட்டு. ஆய்வுத் தலைவர் கறுப்பன், வயது நான்கு. நான் உதவியாளன். எதிர்த்தரப்பு என் அம்மா. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். முதல் பூனைமணல் மூட்டையைத் தூக்கி வந்த அன்றே கேட்டுவிட்டார்: “ஏன்டா, பூனை வெளிக்குப் போறதுக்குக் காசு குடுத்தா மண்ணு வாங்குவ?”

கேள்விக்கு வரலாற்றில் விடை உண்டு. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவரிடம், தெரிந்த அம்மாள் ஒருவர் பூனைக்கு மணல் கேட்டு வந்தார். அதுவரை அவர் போட்டு வந்தது சாம்பல். வீடெல்லாம் கரிக் கால்தடம். லோ, எண்ணெய் சிந்தினால் உறிஞ்சுவதற்கென விற்றுவந்த களிமண்ணில் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். பிறகு அதையே பையில் கட்டி விற்றுப் பெரும் பணக்காரரானார். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “சாம்பலைக் கெடுத்ததே அந்த ஆளுதானா?” என்றார். மாற்றுக்கருத்தாகப் பதிவு செய்திருக்கிறேன்.

பரிசோதித்தவை மூன்று வகை. பென்டோனைட் களிமண், ஈரம் பட்டதும் உப்பிக் கட்டியாகும், அள்ளுவது சுலபம். ஆனால் சுரங்கம் வெட்டி எடுக்கும் கனிமம், மக்காது. பாலைநிலக் காட்டுப்பூனையின் வழிவந்த கறுப்பனுக்கு இதுதான் பிடித்தது. அடுத்தது சோயாச் சக்கையில் செய்த தௌஃபூ மணல். மக்கும், மணமும் பரவாயில்லை. கறுப்பன் முதல் நாள் அதைத் தின்றுபார்த்தான். நம் ஊர் ஈரக்காற்றில் மிச்சத்தைப் பூஞ்சை தின்றது. மூன்றாவது பைன் மரத்தூள் குச்சி. கறுப்பன் அதை முகர்ந்துவிட்டு, சலவைக்கு வைத்திருந்த என் சட்டைக் கூடைக்குப் போனான். பருத்தியும் மக்கக்கூடியதுதான் என்பதால் அவன் முடிவைச் சுற்றுச்சூழல் அடிப்படையில் மறுக்க இயலவில்லை.

தேர்வு இவ்வளவுதான். சிக்கல் அப்புறப்படுத்துவதில்.

தௌஃபூ மணலைக் கழிப்பறையிலேயே கொட்டலாம் என்று மூட்டையில் போட்டிருந்தது. கொட்டினேன். சோயா குழாய்க்குள் உப்பி நின்றது; குழாய்க்காரர் வந்து, எடுத்து, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பூனை மலத்தில் டோக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம் என்றும், அதைக் கழிப்பறையில் கொட்ட வேண்டாம் என்று பூனைமணல் பையிலேயே அச்சிடக் கலிபோர்னியா 2006இல் சட்டம் போட்டது என்றும் பிறகுதான் படித்தேன். அங்கே கடல் நீர்நாய்கள் அந்த ஒட்டுண்ணியால் செத்திருக்கின்றன. ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே தினமும் அள்ள வேண்டும், கர்ப்பிணிகள் கைவைக்கக் கூடாது, கங்கோங் பாத்திக்கு உரமாகவும் ஆகாது.

மிஞ்சியது குப்பைத்தொட்டி. அதற்குப் பிளாஸ்டிக் பை வேண்டும். சிலாங்கூரில் 2017 முதல் கடையில் பைக்கு 20 சென். மக்கும் மணலை, காசு கொடுத்து வாங்கிய மக்காத பையில் முடிந்து வெளியே வைத்தேன்.

வேறு ஊர்க்காரர் ஆய்வை இத்துடன் முடித்துக்கொள்ளலாம். ஜெஞ்சாரோம்காரனுக்கு அந்த வசதி இல்லை. அயல்நாட்டுப் பிளாஸ்டிக் கழிவு வேண்டாம் என்று 2018இல் சீனா கதவைச் சாத்தியதும், அது எங்கள் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது. உரிமமில்லாத ஆலைகள் இரவில் எரித்தன. சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தோம். ஆலைகளை மூடிய பிறகும் ஏறத்தாழ 17,000 டன் கிடந்தது. 2019 மே மாதம் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் நின்று, 3,000 டன் கழிவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப் போவதாக அறிவித்தார். தன்னுடையதைத் தானே குழி பறித்து மூடுகிறவன் என்ற முறையில் கறுப்பனிடம் இதுபற்றிக் கருத்துக் கேட்டேன். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு மணலைக் கிளறினான்.

இப்போதைய நடைமுறை: பாதி பென்டோனைட், பாதி தௌஃபூ, அள்ளியதைப் பழைய தமிழ் நாளிதழில் பொட்டலம் கட்டித் தொட்டியில் போடுவது. அம்மாவும் இசைந்துவிட்டார், சாமி படம் உள்ள பக்கத்தை எடுக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. தைப்பூச வாரத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் முருகன் நிற்பதால் ஆய்வு தடைபடுகிறது. கால்பந்துப் பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கும் வாசகர்கள் தந்து உதவ வேண்டுகிறேன்.