மாடித் தக்காளி வாழ்க!

மாடித்தோட்டத்தைக் காசுக் கணக்கில் அளப்பவர்களுக்கு விவரம் போதாது. செடிப்பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் எல்லாம் வாங்கி, நாற்று நட்டு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தால் நான்கு தக்காளி கிடைக்கிறது. அந்தக் காசுக்குக் கோயம்பேட்டில் ஒரு கூடையே வருமே என்பார்கள். வரும், அந்தக் கூடையோடு மொத்தக் குடும்பமும் நின்று செல்ஃபி எடுக்குமா? தாத்தா தண்ணீர் ஊற்ற, பாட்டி மார்கழிப் பனிக்காகச் செடிக்கே ஸ்வெட்டர் பின்ன, வீடே ஒன்றுகூடுகிறதே, அதற்கு விலை உண்டா? சென்னையில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், மே மாத முகூர்த்தத்தில் கோட்டு மாட்டி நிற்கும் மாப்பிள்ளைகளை முதலில் விசாரிக்கட்டும். இப்படிச் செல்லப்பெயர் வைத்து வளர்த்த தக்காளியை அரிவாள்மணையில் வைக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே தோட்டம் போடும் அன்பர்களே, ரசத்துக்குத் தெருமுனைக் கடையில் அரைக் கிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.