மேசை நடுவே ஒரு காடு

அமெரிக்காவில் டிசம்பர் கல்யாணம் என்றால் விருந்து மேசையின் நடுவே ஒரு குட்டிக் காடே முளைத்துவிடும். பைன் கூம்பு, இலவங்கப்பட்டைக் கட்டு, மெழுகுவத்தி. வெளியே கொட்டிக் கிடக்கும் பனி போதாதென்று பிளாஸ்டிக் பனி வேறு. குளிர்காலத்தின் அடையாளமாகச் சிவந்து நிற்கும் பாயின்செட்டியாச் செடி மெக்சிகோக்காரி; வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வாடிவிடுவாள். அந்தச் சிவப்பும் பூவல்ல, இலை. மணமக்கள் முத்தமிட மேலே தொங்கும் மிசில்டோவோ, அடுத்த மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. இல்லறத்துக்கு இதைவிட நேர்மையான எச்சரிக்கை கிடையாது.

அலங்காரக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு: மேசை அலங்காரம் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும், அல்லது நன்றாக மேலே. எதிரில் இருப்பவர் முகம் தெரிய வேண்டுமாம். சம்பந்திகள் மேசையில் மட்டும் சரியாகக் கண்மட்டத்தில் வைப்பதே உத்தமம்.