பரணிலிருந்து ஒரு நதி

1994-ல் 'தி டிவிஷன் பெல்' ஆல்பம் வெளிவந்தபோது, அதற்காக வாசித்ததில் மிச்சமிருந்த பல மணி நேர நாடாவைப் பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழு பரணில் போட்டுவிட்டது. 2008-ல் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட் காலமானார். 2014-ல் நாடாவைத் தூசி தட்டி, அவருக்கு அஞ்சலியாக 'தி எண்ட்லெஸ் ரிவர்' என்று வெளியிட்டார்கள். அஞ்சலி என்று சொல்லிவிட்டால் விமர்சகன் வாயைத் திறக்க முடியுமா? அறுபதுகளில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரைட் வாசித்துப் பார்த்த ஆர்கனைக்கூட விடவில்லை; அதையும் தேடிப் பிடித்து ஒட்டினார்கள். (அந்த இடம் அருமைதான், மறுப்பதற்கில்லை.) வரிகளோடு பாடியது ஒரே பாட்டு, வரிகளை எழுதியவர் குழுவின் கிடார்க்காரர் கில்மரின் மனைவி. 1985-லேயே குழுவிலிருந்து விலகிய ரோஜர் வாட்டர்ஸ், தனக்கும் இந்த ஆல்பத்துக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. வேண்டாமென்று ஒதுக்கிய சரக்கு, பிரிட்டன் ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.